அப்பா ஒட்டிய கோணல் வரிசை

ஸ்பிரிங்வெளி,
பதுளை.

என் அன்பு மகள் கம்சலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே மழையையும் மூட்டத்தையும் தவிர வேறு குறை இல்லை, நான் சுகமாக இருக்கிறேன். அங்கே குவைத்தில் அந்த வெயிலைத் தவிர உனக்கும் வேறு குறை இருக்கக் கூடாது என்று கதிர்காமத்து முருகனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். மேல் லயத்து நிஷாந்தினி லீவு முடிந்து வருகிற கிழமை உன் ஊருக்கே திரும்பிப் போகிறாள், அவள் கையில் உனக்கு ஒரு பார்சல் கொடுத்து விடுகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். போனில் பேச ஆரம்பித்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது, நீ அங்கே இருந்து ஹலோ ஹலோ என்கிறாய், சிக்னல் இல்லை என்று நினைத்து வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. தொண்டை அடைத்தால் பேனையைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடி எழுதலாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

போன மாதக் கடைசியில் நிஷாந்தினியின் போனில் நம்ம குசினிச் சுவரைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன் அல்லவா. அதைப் பார்த்துவிட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஐயோ அம்மா, எந்தக் குருட்டு மேசன் பாஸைப் பிடிச்சீங்க, டைல்ஸ் எல்லாம் கொடியில போட்ட துணி மாதிரி தொங்குது என்றாய். அதை எல்லாம் தட்டி எடுத்துவிட்டு நான் அனுப்பின படம் மாதிரி நேராக ஒட்டச் சொல்லுங்க என்றாய். நான் பதில் சொல்லவில்லை, நீ மறுபடியும் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டாய். கம்சலா, அதை ஒட்டியது எந்த பாஸும் இல்லை. உங்கப்பா. நீ சிரித்ததற்காக இதைச் சொல்கிறேன் என்று வருத்தப்படாதே, ஒட்டிய மறுநாள் காலையில் அதைப் பார்த்து உன்னைவிடச் சத்தமாகச் சிரித்தது அவர்தான். அவர் எப்படி அதை ஒட்டினார், இப்போது அதற்கு என்ன ஆனது என்று உனக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ அங்கே போன புதிதில் ஒரு படம் அனுப்பினாய். உன் மேடம் வீட்டுக் குசினி. அடுப்புக்குப் பின்னால் சுவர் முழுக்க நீலப் பூ டைல்ஸ், நடுவில் பெரிய நட்சத்திரம். இதுதாம்மா நான் தினமும் துடைக்கிற சுவரு, ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் மேடத்துக்குப் பிடிக்காது, இடுக்கெல்லாம் பழைய பல் பிரஷ் போட்டுத் தேய்க்கணும், ஆனாலும் அழகான சுவரும்மா, நம்ம வூட்டுக்கும் ஒருநாள் இப்படி ஒன்னு செய்வோம் என்று சொன்னாய். எனக்கு அதைப் பார்க்கக் கோயில் மாதிரி இருந்தது. உங்கப்பா போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், எட்டத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு, இம்புட்டுச் சுவத்தையும் எம் புள்ள ஒத்தையாளா துடைக்குதா என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து அவருக்கு அந்தச் சுவர் நினைப்புத்தான்.

நாம் இருந்த பழைய தோட்டத்து லயத்துக் குசினிச் சுவர் உனக்கு ஞாபகம் இருக்கும். தேயிலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டின மலையிலிருந்து நான் தலையில் கட்டிச் சுமந்து வருகிற ஈர மிலாறுக் குச்சி, அதை அடுப்பில் வைத்து ஊதி ஊதியே என் கண் போச்சு. அந்தப் புகை ஏறி ஏறிச் சுவர் தார் ஊற்றின மாதிரி இருக்கும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, நான் பறித்த கொழுந்தை நிறுவைக்குப் போட்டுவிட்டு வீடு வந்து சேருகிற வரைக்கும், அந்தச் சுவரில் ஈர விரலால் படம் போட்டுக்கொண்டிருப்பாய். கரி போய் விரல் பட்ட இடம் வெளுப்பாகத் தெரியும். பூ போடுவாய், வாழைமரம் போடுவாய், ஒரு தடவை மயில் போட்டாய், அந்த மயிலுக்கு மூன்று கால். சட்டையெல்லாம் கரியாக்கினதற்கு நான் முதுகில் ஒன்று வைத்தேன், நீ மூன்றாவது கால் ஊன்றுகோல் என்று அழுதுகொண்டே சொன்னாய். அந்தத் தீபாவளிக்கு உங்கப்பா சுண்ணாம்பு கரைத்து வீடு முழுக்க அடித்தார், குசினிச் சுவரிலும் அடித்தார், அந்த மயில் இருந்த இடத்தை மட்டும் சுற்றி விட்டுவிட்டார். வெள்ளைச் சுவரில் ஒரு கறுப்பு ஜன்னல் மாதிரி. பலகாரம் கொண்டு வந்தவர்கள் எல்லாம், என்னா தங்கராஜா, சுண்ணாம்பு பத்தலியா என்று கேட்டுச் சிரித்தார்கள். அங்க ஆள் குடியிருக்கு, அடிக்க ஏலாது என்றார் அவர். அடுத்த வருசமும் அடிக்கவில்லை. அதற்கடுத்த வருசமும் இல்லை. மேலே மேலே புகை பிடித்து மயில் மறைந்து வெறும் கறுப்புத்தான் மிச்சம், நீ பெரிய பிள்ளையாகி அதையே மறந்துவிட்டாய், ஆனாலும் நாம் இந்தப் புது வீட்டுக்கு வருகிற வரைக்கும் அந்த இடத்தில் அவர் சுண்ணாம்பு மட்டையை வைக்கவில்லை. லயத்தைக் காலி பண்ணின அன்று கடைசியாக வெளியே வந்ததும் அவர்தான், உள்ளே என்ன செய்துகொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை.

இந்த வீட்டுக் குசினியில் புகை இல்லை, கேஸ் அடுப்பு. சுவர் வெறும் பூச்சுச் சுவர். ஒருநாள் பதுளைக்கு மருந்து எடுக்கப் போகிறேன் என்று போனவர் பொழுது சாய்ந்து ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். நீ அனுப்பின நீலப் பூ எந்தக் கடையிலும் இல்லை என்றார். இருந்திருக்கும், இது கண்ணில் பட்டதும் அதைத் தேடுவதை விட்டிருப்பார், அவரை எனக்குத் தெரியாதா. பெட்டிக்குள் வெள்ளைப் பூப் போட்ட டைல்ஸ், பூவுக்கு நடுவில் மஞ்சள். கடைக்காரர் அதை மல்லிகை என்றாராம். இவர் அங்கேயே சண்டை, மல்லியப்பூவுல ஏதுங்க இம்புட்டு மஞ்சள், இது தேயிலப்பூ, நாப்பது வருசம் பாத்தவன் சொல்றேன் என்று. கடையில் மிச்சம் கிடந்தது ஒன்பதே ஒன்பதுதான், ஒரு வரிசைக்குத்தான் காணும். அதைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். கண்டக்டர், ஐயா பெட்டிய கீழ வைங்க, ஒருத்தரும் தூக்கிட்டு ஓட மாட்டாங்க என்றானாம். நம்ம ரோட்டுப் பள்ளம் எனக்குப் பழகிருச்சு தம்பி, இதுக்கு இன்னும் பழகல என்றாராம் இவர். பஸ்ஸே சிரித்தது என்று என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார்.

ஒரு பாஸைக் கூப்பிட்டு ஒட்டுவோம் என்றேன். ஏன், என் கையி என்னா அகப்பையா என்று கேட்டார். சீமெந்து குழைத்தார், நூல் பிடித்தார், கரிக்கட்டையால் கோடு போட்டார், எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். ஆனால் கோட்டை மேலே போட்டார். அடுப்புக்கு மேலே, தட்டுப் பலகைக்குக் கீழே. கீழே இருந்து வைத்துக்கொண்டு போனால் ஒன்றை ஒன்று தாங்காதா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, கேட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து, நீ மலையில எந்த வேலைய புள்ள கீழ இருந்து ஆரம்பிச்சிருக்க என்றார். நானும் சீமெந்துச் சட்டியை எடுத்துக் கொடுத்தேன். மலையில் அப்படித்தானே. கவ்வாத்து வெட்டினாலும் புல் வெட்டினாலும் உச்சியில் தொடங்கித்தான் இறங்குவோம், கீழே தொடங்கினால் மேலே வெட்டுகிற மிலாறும் கல்லும் உருண்டு வந்து முடித்த வேலை மேலேயே விழும். கங்காணியிடம் ஏச்சு வாங்கி வாங்கிப் படித்த பாடம் அது. மலை வேறு, சுவர் வேறு என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஒட்டி முடித்தபோது வரிசை நூல் பிடித்த மாதிரி அவ்வளவு நேராக இருந்தது. இரண்டு பேரும் வாசல்படியில் நின்று பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தோம்.

விடிந்து தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனேன். டைல்ஸ் எல்லாம் அதது இஷ்டத்துக்குச் சறுக்கி இறங்கியிருந்தது. ஒன்று விரல் அளவு, ஒன்று சாண் அளவு, ஒன்று ஒரு பக்கம் சாய்ந்து. ஜன்னல் ஓரத்தில் ஒட்டின கடைசி டைல்ஸ் கீழே விழுந்து ஒரு மூலை உடைந்து கிடந்தது. நான் என்னாங்க என்று கத்தினேன், அவர் இடுப்புச் சாரத்தை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஒன்றைப் பிடித்து மேலே தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், சீமெந்து இறுகிவிட்டது, அசையவில்லை. அப்போதுதான் அந்தச் சிரிப்பு. சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. பிறகு வாசலுக்குப் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இங்க வா புள்ள, ஜன்னல் வழியா அங்கிட்டுப் பாரு, இப்ப இங்கிட்டுப் பாரு என்றார். ஜன்னலில் நமுனுகுல மலை. சுவரிலும் அதேதான் கம்சலா, அதே ஏற்றம், அதே இறக்கம், உச்சியெல்லாம் தேயிலைப் பூ பூத்த மாதிரி. நமுனுகுலைக்கு ஒன்பது முகடு என்று சொல்வார்கள், நான் எண்ணினேன், இங்க எட்டுத்தானே இருக்கு, ஒன்பதாவது எங்க என்று கேட்டேன். கீழே கிடந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு, அது மூட்டத்துல இருக்கு, மூட்டம் கலைஞ்சா வந்து சேரும் என்றார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். புள்ள வந்து நேர்ல பாத்துச் சிரிக்கட்டும், போன்ல சிரிச்சா எனக்குப் பத்தாது என்றார். இன்னொன்றும் சொன்னார், அதைப் பிறகு எழுதுகிறேன்.

அதற்கு அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். ஒரு காலையில் தேத்தண்ணி கேட்டார், நான் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார், வேனில் ஏற்றினோம், பதுளை டவுனைத் தொடவில்லை. நீ போனில்தான் முகம் பார்த்தாய். மேடம் லீவு தரவில்லை என்று நீ இன்னும் மனதில் வைத்துக் குமைகிறாய், போதும், விட்டுவிடு, வந்திருந்தால் மட்டும் அவர் எழுந்து உட்கார்ந்திருக்கப் போகிறாரா. வருசம் திரும்புகிற வரைக்கும் வீட்டில் ஒரு ஆணி அடிக்கக் கூடாது, ஒரு கல் ஒட்டக் கூடாது என்று கோயில் பெரியவர்கள் சொன்னார்கள். நான் என் பழைய நூல் சேலை ஒன்றை அந்த வரிசை மேலே திரை மாதிரிக் கட்டிவிட்டு, பின்னால் தகரக் கொட்டகையில் மிலாறு வைத்தே சமைத்துக்கொண்டேன். ஒருத்திக்கு என்ன பெரிய சமையல். அந்த அடுப்புக்கு முன்னால் போய் நிற்க என்னால் முடியவில்லை என்பதும் உண்மைதான்.

போன மாதம் வருசத் தெவசம் முடிந்தது. நீ படம் அனுப்பின அதே நீலப் பூ டைல்ஸையும் கொஞ்சம் வெறும் வெள்ளையையும் நிஷாந்தினியும் நானும் பதுளையில் போய் வாங்கி வந்தோம், நீலப் பூ இருந்தது, முதல் கடையிலேயே இருந்தது, உங்கப்பாவை என்ன சொல்வது. நீ கட்டம் கட்டமாகப் போட்டு அனுப்பின படத்தையும் அவள் பெரிதாக்கிக் காட்டினாள். நீலம் எங்கே, வெள்ளை எங்கே, நட்சத்திரம் நடுவில் அடுப்புக்கு நேர் மேலே. வேலைக்கு மிப்ரான் பாஸ் வந்தார், பதுளைக்காரர், நல்ல மனுசர். சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு, யா அல்லா, இது யாரு செஞ்ச வேல என்றார். இதத் தட்டி எடுத்தாத்தாம்மா மத்த வேல என்று உளியை எடுத்து முதல் டைல்ஸ் ஓரத்தில் வைத்தார். பிள்ளை ஆசைப்பட்ட சுவர், பிள்ளை சொல்லிவிட்டாள், எதையும் பேசாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் சுத்தியலை ஓங்கினதும் என்னை மீறி வாய் திறந்துவிட்டது. பாஸ், அது எங்க வீட்டுக்காரரு ஒட்டுனது என்றேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். முந்தியே சொல்ல வேணாமாம்மா, மவுத்தான மனுசன்ட கைவேலையில நான் எப்புடி உளி வைக்கிற என்றார். பிறகு அந்த வரிசையைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆனா கெட்டியா ஒட்டிருக்காரு, இதக் கழட்டப் போனா சுவரும் கூடவே வரும் என்றார். ஆனால் உன் படத்துக்கு அந்த வரிசை குறுக்கே நிற்கிறது, நட்சத்திரத்தின் தலை போய் அதில் முட்டுகிறது. ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவெடுங்க, நான் ஹாலிஎலயில ஒரு வேலைய முடிச்சிட்டு வாறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உன்னையே கேட்டுவிடுவோம் என்று போனைக் கையில் எடுத்தேன். கேட்டால் நீ அழுவாய், அழுதுகொண்டே உங்க இஷ்டம்மா என்பாய், அந்த மேடம் வீட்டில் நின்றுகொண்டு நீ அழ வேண்டாம் என்று வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கலாராணி வந்தாள், அவளிடம் சொன்னேன். அவள், புள்ள கண்ணால பாத்து ஆசப்பட்டு அனுப்பியிருக்கு, நீங்க கோணலக் கட்டிக்கிட்டு மல்லுக்கு நிக்கிறீங்க, வந்து பாத்தா அதுக்கு மனசு ஒடஞ்சி போகாதா அக்கா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் பிழை இல்லை. நீ அங்கே நாள் பூராவும் அடுத்தவர் சுவரைத் துடைத்துக்கொண்டே உனக்கென்று மனதில் ஒரு சுவர் ஒட்டி வைத்திருக்கிறாய். அதில் நான் எப்படிக் கை வைப்பேன். இவருடையதிலும் எப்படிக் கை வைப்பேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன், திடீரென்று அந்தக் கறுப்பு ஜன்னல் ஞாபகம் வந்தது, அங்க ஆள் குடியிருக்கு என்று அவர் சொன்னது. எழுந்து பாயைச் சுருட்டி வைத்தேன்.

நடு வீட்டில் தரையில் குசினிச் சுவர் அகலத்துக்கு நூல் போட்டேன். கரிக்கட்டையால் உங்கப்பா வரிசை மாதிரியே வளைத்து ஒரு கோடு போட்டேன். பிறகு உன் நீல டைல்ஸை எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கினேன். என்னா அக்கா, டைல்ஸுல கோலமா, நல்லதுதான், கோழி வந்து மிதிச்சாலும் அழியாது என்று கலாராணி வாசலில் நின்று கேலி பண்ணினாள். நட்சத்திரத்தை நீ சொன்ன மாதிரி நடுவில் வைத்தேன், மலையில் முட்டியது. கீழே இறக்கினேன், அந்த இடத்தில் சோற்றுப் பானையைக் கொண்டு வந்து வைத்துப் பார்த்தால் நட்சத்திரம் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பிறகு அதை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன், நம்ம சாப்பாட்டு வாங்குப் பலகை கிடக்கிற பக்கம், அங்கே மலை நன்றாக இறங்கியிருக்கிறது, நட்சத்திரம் அதன் அடிவாரத்தில் சொன்ன மாதிரிப் போய் உட்கார்ந்தது. நீலப் பூவை நேர் நேராக அடுக்கினால் எனக்குப் பிடிக்கவில்லை, ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருந்தது. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையைப் பாதி டைல்ஸ் தள்ளி வைத்தேன். அப்போது பார்த்தேன், மலைக்குக் கீழே நெரை நெரையாகத் தேயிலை நிற்கிற மாதிரியே இருந்தது, நான் கொழுந்து பறிக்க நெரை பிடித்து ஏறின மாதிரியே. மலைக்கு மேலே வெறும் வெள்ளை, அது மூட்டம். கேலி பண்ணிக்கொண்டு நின்ற கலாராணி எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியாது, பக்கத்தில் குந்தி, அக்கா அந்த மூலைப் பூ தலைகீழா கெடக்கு, இத இங்கிட்டு வைங்க, அத அங்கிட்டு வைங்க என்று என்னைவிட அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டிலிருந்து சோறு தீய்ந்த வாடை வந்த பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள்.

மிப்ரான் பாஸ் திரும்பி வந்து தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சிரித்துவிட்டார். மகள்ட நட்சத்திரமும் இருக்கு, மனுசன்ட மலையும் இருக்கு, எனக்குத்தான் சாவு என்றார். அந்த வளைவுக்குப் பொருத்தமாக டைல்ஸை வெட்ட வேண்டுமே. பேப்பரைச் சுவரில் வைத்து வளைவைப் பென்சிலால் எடுத்து, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு அளவுக்கு வெட்டினார், நாலைந்து உடைந்தும் போனது. உங்க மனுசன் போனாலும் எனக்கு வேல வச்சிட்டுத்தான் போயிருக்காரு என்று வேலை முடிகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் அவர் என்ன செய்தார் தெரியுமா, சுவரில் கீழே ஒரு மரச்சட்டத்தை அடித்து அதன் மேலே முதல் வரிசையை உட்கார வைத்தார், பிறகு அதன் மேலே அடுத்தது. சறுக்கவே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, இவ்வளவுதானா சங்கதி என்று உங்கப்பா சொல்லுவார், அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துச் சிரித்தேன், சிரித்த சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. பாஸ் காணாத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிச் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அந்த ஒன்பதாவது டைல்ஸ், விழுந்து மூலை உடைந்தது, அதைக் கொண்டு வந்து கொடுத்தேன். இதையும் வச்சிட்டா வரிசை நிறைஞ்சிரும் என்று சொல்லிப் பின்பக்கத்துப் பழைய சீமெந்தைச் சுரண்டப் போனார். சுரண்டினால்தான் ஒட்டுமாம். நான் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். உங்கப்பா கரண்டி வைத்துப் பூசவில்லை கம்சலா, கையால் அப்பியிருக்கிறார். நான்கு விரல் இழுத்த கோடு அப்படியே காய்ந்து கிடக்கிறது. மற்ற எட்டுக்குப் பின்னாலும் அப்படித்தான் இருக்கும், அது யாருக்கும் தெரியப் போவதில்லை. இது வேணாம் பாஸ், விடுங்க என்றேன். அவரும் பார்த்தார், சுரண்ட எடுத்த உளியைக் கீழே வைத்துவிட்டார். அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு, அடியில் ஒரு சின்ன விளிம்பு வைத்துக் கொடுத்திருக்கிறார். ஒட்டாமலே அதில் சாய்த்து வைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

இதுதான் உன் சுவரின் கதை. நீ கேட்ட மாதிரி நான் செய்யவில்லை, நட்சத்திரம் நடுவில் இல்லை, கோணலும் போகவில்லை. கோபம் வந்தால் வந்து நேரில் ஏசு. உங்கப்பா இன்னொன்றும் சொன்னார் என்று எழுதினேனே, அது இதுதான். அவ வந்தா இந்தச் சுவத்த அவளத் துடைக்க விடாத, நம்ம வூட்டுலயாச்சும் எம் புள்ள சுவத்துக்கு முன்னால சும்மா உக்காந்து சாப்பிடட்டும் என்றார். அதனால்தான் நட்சத்திரத்தை வாங்குப் பக்கம் வைத்தது. நீ உட்கார்ந்தால் அது உன் தோளுக்குப் பக்கத்தில் வரும். சீமெந்து காயும் வரை மறுபடி கட்டி வைத்த சேலையை நேற்றுத்தான் அவிழ்த்துவிட்டு அந்த அடுப்பில் கருவாடு பொரித்தேன், எண்ணெய் நன்றாகத் தெறித்தது, தெறிக்கட்டும், நான் துடைத்துக்கொள்வேன், எனக்கு வேறு என்ன வேலை.

பார்சலில் தேயிலைத்தூள், முறுக்கு, கலாராணி இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூள் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் போத்தல் உன் கைக்கு, தலைக்கு இல்லை. அந்தச் சுவர் துடைக்கிற மருந்தில் கை வெடித்திருக்கிறது என்று நிஷாந்தினி சொன்னாள், நீ என்னிடம் மறைத்தாய். கையுறை போட்டுக்கொண்டு வேலை செய், படுக்கும்போது எண்ணெய் தடவு. வேளைக்குச் சாப்பிடு. எனக்கு மாத்திரை ஒழுங்காகப் போகிறது, மழைக்கு மேட்டுப் பக்கம் மண் சரியும் என்று பயப்படாதே, நம்ம வரிசை வீட்டுக்கு ஆபத்து இல்லை என்று வந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். முறுக்குக்கு நடுவில் என் நூல் சேலையில் சுற்றி ஒன்று இருக்கும், பாரமாக இருக்கும், பயந்துவிடாதே. அந்த ஒன்பதாவது டைல்ஸ்தான் அது. திருப்பிப் பார். உன் நான்கு விரலையும் அந்தக் கோட்டில் வைத்துப் பார். அவர் கை பெரிது, உன் விரல் உள்ளே அடங்கிவிடும். அதை உன் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள், வேலை முடிந்து வரும்போது அதையும் கையோடு கொண்டு வா. அதற்கு இடம் காலியாகவே இருக்கிறது, அதில் வேறு ஒன்றையும் வைக்க மாட்டேன்.

முருகனும் வள்ளியம்மாவும் உனக்குத் துணை. மேலே இருந்து உங்கப்பாவும் பார்த்துக்கொள்வார், எந்த வேலையையும் மேலே இருந்து தொடங்குகிறவர்தானே. நோய் நொடி இல்லாமல் நல்லபடியாக வந்து சேர்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
த. ராமலட்சுமி

மறக்காதே: அந்த டைல்ஸின் முன்பக்கத்தில் தூசி பட்டால் துடை. பின்பக்கத்தைக் கழுவிவிடாதே.